செலவே இல்லாத சுடிதார்

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஊத்தங்கரையில் அம்மா வீட்டில் இருந்தேன். அண்ணன் மகள் கைபேசியோடு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் ஒரு பெண் பழைய பட்டுச் சேலையைச் சுடிதாராக மாற்றிக்கொண்டிருந்தார். சேலையை விரித்தார், கோடு போட்டார், கத்தரி ஓடியது, மிஷின் ஓடியது. பின்னணிப் பாட்டு முடிவதற்குள் சுடிதார் தயார். “செலவே இல்லாம புத்தம் புது சுடிதார்” என்று சொல்லி அந்தப் பெண் முடித்தார்.

“ஆயா, உன் அரக்குப் பட்டை எனக்கு இப்படித் தைச்சுத் தர்றியா?” என்றாள் பிள்ளை.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னாள். பார்த்து முடித்துவிட்டுக் கேட்டாள்: “பிரிச்சது யாரு?”

பிள்ளைக்குப் புரியவில்லை.

“சேலைன்னா ஃபால்ஸ் இருக்கும். முந்தியில குஞ்சம் இருக்கும். துணி கிழியாம ஒவ்வொரு தையலாப் பிரிக்கணும். அதைக் காட்டவே இல்லையே. பிரிச்சு வெச்ச சேலை எங்கிருந்து வந்துச்சு?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

பழைய துணியைப் புது உடையாக மாற்றுவது எப்படி என்று பெண்கள் பத்திரிகைகளின் தையல் பக்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தன. இப்போது அந்த வேலையைக் காணொளிகள் செய்கின்றன. இரண்டிலுமே நான் நிறையக் கற்றிருக்கிறேன். செய்முறையில் பெரும்பாலும் குறை சொல்ல முடியாது. என் சண்டை செய்முறையோடு சேர்ந்து வரும் பாராட்டோடு. அது மூன்று வகையாக வரும். முதலாவது சிக்கனம்: கெட்டிக்காரப் பெண் காசு செலவழிக்காமலேயே வீட்டுக்கு உடுத்திவிடுவாள். இரண்டாவது சுற்றுச்சூழல்: பழையதை மறுபடி தைப்பவள் பூமியைக் காப்பாற்றுகிறாள். மூன்றாவது கலை: நம் பாட்டிமார்களின் ஒட்டுத்துணி வேலை ஒரு மரபு, ஒரு பொக்கிஷம். இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் மூன்றிலும் உட்கார்ந்து பிரித்தவள் காணாமல் போகிறாள். அவளை மறுபடி படத்துக்குள் கொண்டுவந்தால் இந்தப் பாராட்டுகளில் எவ்வளவு மிஞ்சும் என்பதே என் கேள்வி.

முதலில் சிக்கனம். அந்த வாரமே அரக்குப் பட்டைச் சுடிதாராக்க முடிவுசெய்தோம். நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து நேரத்தைக் குறித்தேன். ஃபால்ஸும் குஞ்சமும் பிரிக்க 45 நிமிடம். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, தேய்க்க, கைவேலை மட்டும் 40 நிமிடம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழை விட்ட இடங்களைச் சாக்கட்டியால் குறிக்க 20 நிமிடம். வருடக்கணக்கில் மடித்தே வைத்த பட்டு மடிப்பு விழுந்த இடத்திலேயே இற்றுப்போகும். அந்த இடங்களைத் தவிர்த்துத்தான் வெட்ட வேண்டும். அளவெடுத்து, கோடு போட்டு, மேல்துணியும் லைனிங்கும் வெட்ட ஒன்றரை மணி நேரம். தைக்க 3 மணி நேரம். கழுத்துக்கும் ஓரத்துக்கும் கைத்தையல் 50 நிமிடம். ஓவர்லாக் போட கடைக்குப் போய்வர 25 நிமிடம். மொத்தம் 450 நிமிடம். அம்மா கூட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “ஏழரையா? சரியாத்தான் வந்திருக்கு.”

லைனிங்கும் நூலும் வாங்கிய காசு தனி. அதைக்கூட விட்டுவிடலாம். ஒருத்தியின் ஒரு முழு வேலைநாளைத்தான் அந்தக் காணொளி ‘செலவே இல்லை’ என்கிறது.

இது காணொளிக்காரர்களின் தவறு மட்டும் இல்லை. நாட்டின் கணக்குக்கும் இதே பழக்கம் உண்டு. தேசிய வருமானத்தைக் கணக்கிட உலக நாடுகள் பின்பற்றும் 2008 தேசியக் கணக்கு முறையின்படி, ஒருத்தி தன் வீட்டாருக்காக உடை தைத்தால் அது கொள்கையளவில் ‘உற்பத்தி’. சமைப்பது, துவைப்பது, பிள்ளை பார்ப்பது, கிழிசலைச் சரிசெய்வது ஆகியவை அந்த எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அப்படியானால் அம்மாவின் ஏழரை மணி நேரத்தை எங்கே சேர்ப்பது? தைத்த 3 மணி நேரம் உற்பத்தி என்றால், பிரித்த முக்கால் மணி நேரம் என்ன? அலசித் தேய்த்தது என்ன? அவள் ஒரே இடத்தில் ஒரே துணியோடுதான் உட்கார்ந்திருந்தாள். கணக்குதான் அவளை இரண்டாக வெட்டுகிறது.

2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலையைச் செய்த ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் இது 289 ஆகவும் 88 ஆகவும் ஆனது. பெண்களுக்கு 10 நிமிடம் மிச்சமானபோது ஆண்களும் 9 நிமிடத்தை மிச்சப்படுத்திக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்துக்கு அரசு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தது. தொகை சிறியது என்று சொல்லலாம். ஆனாலும் வீட்டுக்குள் நடப்பது உழைப்பு என்பதை அந்தப் பெயர் ஒப்புக்கொள்கிறது. ‘செலவே இல்லை’ என்ற சொல் அதைத் திரும்ப மறைக்கிறது.

சிக்கனப் பாராட்டு எப்போது உரக்க ஒலிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் முதல் துணிக்குப் பங்கீடு வந்தது. 1943-ல் அரசே ‘மேக் டூ அண்ட் மென்ட்’ என்று, இருப்பதை வைத்துச் சமாளிக்கவும் பழுது பார்க்கவும் சொல்லித்தரும் கையேடு ஒன்றை வெளியிட்டது. கணவரின் பழைய சூட்டைப் பிரித்து மனைவி தனக்கு உடை தைத்துக்கொள்வது அன்று நாட்டுப்பற்று. அதே அரசு 1941 டிசம்பரில் மணமாகாத இளம்பெண்களைப் போர்க்காலப் பணிக்குக் கட்டாயமாக அழைக்கச் சட்டமும் இயற்றியது. பகலில் ஆலை, இரவில் ஊசி. துணிப் பங்கீடு 1949-ல் முடிந்தது. பணம் தட்டுப்படும்போது பெண்ணின் சிக்கனம் வீரமாகிறது. தட்டுப்பாடு தீர்ந்ததும் அது வெறும் வீட்டுவேலை.

இந்தியாவில் தையல் மிஷினைப் பற்றி ஒரு பிரபலமான கதை உண்டு. 1924-ல் ராமச்சந்திரன் என்ற மாணவர் இயந்திரங்கள் பற்றிக் காந்தியிடம் கேட்டபோது, காந்தி சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் களைப்பதைப் பார்த்துத் தாங்காமல் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார். அந்த மிஷினுக்குப் பின்னால் அன்பு இருக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். அழகான கதைதான். ஆனால் ஐசக் சிங்கர் 1851-ல் காப்புரிமை வாங்கும் முன்பே, 1846-ல், எலியாஸ் ஹோவ் தன் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். சிங்கர் செய்தது, ஏற்கனவே இருந்த மிஷின்களைத் திருத்தி விற்கத்தக்கதாக்கியது. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை வைத்திருந்தது 1860-ல் நியூயார்க்கில் அம்பலமாகி, அவர் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். மிஷினை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது 1856-ல் அவருடைய நிறுவனம் தொடங்கிய தவணை முறை.

காந்தியைத் திருத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தையல் மிஷின் பெண்ணிடம் வந்த கதையைச் சொல்லும்போதும் ஒரு ஆணின் அன்பிலிருந்துதான் தொடங்குகிறோம் என்பதைக் கவனிக்கவே சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு மிஷின் வந்த வழி வேறு.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, 1994-ல், அப்பா வீட்டைவிட்டுப் போனார். 1996-ல் அம்மாவுக்கு அரசின் இலவசத் தையல் மிஷின் கிடைத்தது. ஊத்தங்கரை அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது; கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004-ல். இப்போது அந்தத் திட்டத்துக்குச் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயர். தமிழக அமைச்சராக இருந்த தலித் தலைவர் அவர்; 1974-ல் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கியவர். விதவைகளுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் அதில் முன்னிடம். அதற்காக, கணவரால் கைவிடப்பட்டவர் என்று அம்மா ஒரு சான்று வாங்கினாள். இரண்டு வருடம் ஊராரிடம் “வேலைக்குப் போயிருக்காரு” என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அந்த ஒரு வார்த்தையைத் தாளில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கணவனின் அன்பால் அல்ல, அவன் இல்லை என்று எழுதிக்கொடுத்ததால் எங்கள் வீட்டுக்கு மிஷின் வந்தது.

அந்த மிஷினில் அவள் முதலில் தைத்தது அப்பாவின் சட்டையை. டிரங்குப் பெட்டியில் நான்கு சட்டையும் இரண்டு வேட்டியும் இருந்தன. அம்மா ஒரு கட்டம் போட்ட சட்டையை எடுத்து விரித்து, கத்தரியை வைத்ததும் என் ஆயா வந்து கையைப் பிடித்தாள்.

“ஆம்பள உசுரோட இருக்கறப்போ சட்டையைக் கத்தரிக்கிறியேடி. ஆகுமா?”

“ஆளு எங்கம்மா இருக்கு? சட்டைதான இருக்கு” என்றாள் அம்மா.

அதில் எனக்கொரு மேல்சட்டை வந்தது. தோளைக் குறுக்கி, கையை வெட்டி, பக்கவாட்டில் பிடித்து. பொத்தான் ஆண்கள் சட்டையைப் போலவே வலது பக்கம் இருந்தது. அதைப் பார்த்து “ஆம்பள சட்டை” என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். ஆனால் அந்தச் சட்டையில் ஒன்று இருந்தது. என் வகுப்பில் எந்தப் பெண்ணின் பாவாடை சட்டையிலும் அது இல்லை. பாக்கெட். அம்மா அதைப் பிரிக்காமல் விட்டிருந்தாள். பென்சிலும் 50 காசும் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் வீசி நடந்தேன். என் காசு என்னிடமே இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு அம்மா தைத்த எந்த உடையும் பாக்கெட் இல்லாமல் வந்ததில்லை.

இதைச் சிக்கனம் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பழைய துணியை வெட்டுவது ஒரு முடிவு. யாருடைய துணி, எதற்கு ஆகட்டும், எது இனித் திரும்பாது என்பதையெல்லாம் கத்தரி வைத்திருப்பவள் தீர்மானிக்கிறாள். வீட்டில் பெண்ணுக்கு எவ்வளவோ தையல் வேலை வரும். வெட்டும் உரிமை அதோடு சேர்ந்து வருவதில்லை. தானாக வந்தது சின்னப் பிள்ளைகளின் பாவாடை மட்டும்தான். நான்கு மடிப்பு உள்ளே விட்டுத் தைத்து, வருடத்துக்கு ஒரு மடிப்பைப் பிரித்து இறக்குவார்கள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுக்காத நிறம் ஒரு கோடாகத் தெரியும். கோட்டை எண்ணி வயதைச் சொல்லலாம். அந்த வேலை பாராட்டப்பட்டது. சட்டையை வெட்டியது பேசப்பட்டது.

தையலும் வெட்டும் எப்படிப் பிரிகின்றன என்பதைத் தெரிந்துகொள்ள எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் போனால் போதும். ஓசூரிலும், எல்லை தாண்டி பெங்களூரு வரை நீளும் ஓசூர் சாலையிலும் கார்மென்ட்ஸ் கம்பெனிகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அங்கே போனவர்கள். என் சித்தி எட்டு வருடம் ஒரு கம்பெனியில் ஆபரேட்டர். எட்டு வருடமும் காலர். ஒருத்தி காலர், ஒருத்தி கஃப், ஒருத்தி பக்கத் தையல். மணிக்கு இத்தனை என்று டார்கெட். கட்டிங் டேபிளில் நின்றவர்கள் ஆண்கள். எத்தனையோ ஆயிரம் காலர் தைத்த சித்திக்குத் தனக்கு ஒரு ஜாக்கெட் வெட்டத் தெரியாது. லீவில் ஊருக்கு வந்தபோது அம்மாவிடம்தான் வெட்டக் கற்றுக்கொண்டாள். பழைய சேலையில். புதுத்துணியில் கைவைக்க எல்லோருக்கும் பயம். கெட்டால் காசு போகும். பழைய துணி கெட்டால் கரித்துணியாகும். ஏழைப் பெண்ணுக்கு வெட்டுப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் பழைய துணிதான். மறுதையலின் இந்தப் பயனை எந்தக் காணொளியும் சொல்லிக் கேட்டதில்லை.

2016 ஏப்ரலில் வருங்கால வைப்புநிதியை எடுக்க மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, பெங்களூரு கார்மென்ட்ஸ் தொழிலாளர்கள் ஓசூர் சாலையில் இறங்கினார்கள். பெரும்பாலும் பெண்கள். இரண்டு நாளில் அரசு பின்வாங்கியது. தங்கள் உழைப்பின் பாக்கி எப்போது, யார் கையில் வர வேண்டும் என்பதற்காக நின்றவர்கள் அவர்கள். அவர்களில் பலர் வீடு திரும்பி, பிள்ளையின் பழைய பாவாடையைப் பிரித்துத் தைத்திருப்பார்கள். கம்பெனியில் உட்கார்ந்தால் அந்த நேரத்துக்குக் கூலி கேட்கலாம், போராடலாம். வீட்டில் உட்கார்ந்தால் அது ‘கெட்டிக்காரத்தனம்’.

இதுவரை என் வீட்டுக் கதை. பழைய துணிக்கு எங்கள் ஊரில் இன்னொரு கதையும் உண்டு. அதில் நான் நல்லவள் இல்லை.

ஆறாம் வகுப்பில் என்னோடு காலனியிலிருந்து ஒரு பெண் படித்தாள். அவள் அம்மா ஒரு மாந்தோப்புக்காரர் வீட்டில் வேலை செய்தார். பொங்கலுக்கு அந்த வீட்டிலிருந்து பழைய துணி வரும். பொங்கல் லீவுக்கு முந்தின நாள் கலர் டிரஸ் போட்டு வரலாம். அவள் பச்சைப் பாவாடை கட்டி வந்தாள். அந்த வீட்டுப் பிள்ளையும் எங்கள் வகுப்புதான். “இது என் பாவாடைதானே” என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுவாரம் அவள் அம்மா ஒரு மூட்டையோடு எங்கள் வாசலுக்கு வந்தார். “அடையாளம் தெரியாம மாத்திக் குடுக்கா” என்றார். அம்மா துணியை உள்பக்கம் வெளியே திருப்பி, சுருக்குப் பாவாடையை ஆறு கலிப் பாவாடையாக வெட்டி, கரையைப் பிரித்துவிட்டு வேறொரு சேலையின் கரையை வைத்தாள். கூலி வாங்கவில்லை. உள்ளேயும் கூப்பிடவில்லை. அந்தத் தாய் திண்ணையோடு நின்று வாங்கிக்கொண்டு போனார். புருஷன் சட்டையை வெட்டத் துணிந்த என் அம்மாவால் அந்த நிலைப்படியைத் தாண்டி ஒருத்தியைக் கூப்பிட முடியவில்லை. அதைக் கவனிக்க எனக்குப் பல வருடம் பிடித்தது.

மறுதையல் காணொளிகளில் மறக்காமல் வருவது ஒன்று உண்டு: ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம். முன்பு என்னவாக இருந்தது என்று தெரிந்தால்தான் கெட்டிக்காரத்தனம் தெரியும். என் தோழியின் தாய்க்கோ ‘முன்’ தெரியவே கூடாது. அந்த ஆறு கலிப் பாவாடையின் மொத்த வேலையும் அதுதான்.

பழைய துணியை யார் யாருக்குக் கொடுப்பது என்பது இங்கே சட்டமாகவே எழுதப்பட்டிருந்தது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்களுக்குப் பிணத்தின் உடையை விதிக்கிறது. பணி செய்யும் சூத்திரனுக்கு எஞ்சிய சோற்றோடு பழந்துணியையும் ஒதுக்குகிறது. 1927 டிசம்பர் 25-ல் மகாத் மாநாட்டில் அந்த நூல் எரிக்கப்பட்டது. அதே மாநாட்டை ஒட்டிப் பெண்களிடம் பேசிய அம்பேத்கர் உடையைப் பற்றியும் பேசினார். தீண்டாமையின் அடையாளமாக இருக்கும் உடுத்தும் முறையையும் நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். உடையில் ஒட்டுப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, சுத்தமாக இருக்கட்டும் என்றார். ஒட்டுப் போட்டதில் இழிவு இல்லை, பிறர் சுமத்திய அடையாளத்தில்தான் இழிவு என்பது அதன் பொருள். தன் துணியில் தான் போடும் ஒட்டு வேறு, மேலே இருப்பவர் கழித்துப் போட்டதை உடுத்துவது வேறு. துணியில் வித்தியாசம் தெரியாது. அது வந்த வழியில் தெரியும்.

அந்தத் தோழி இப்போது ஆசிரியை. புதிதாக வாங்கியதைத் தவிர வேறு எதையும் உடுத்துவதில்லை, தன் பிள்ளைகளுக்கும் உடுத்தியதில்லை. நான் ஒரு முறை பழைய துணியை மறுபடி பயன்படுத்துவது பற்றி உற்சாகமாகப் பேசினேன். முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “நீ தை. எனக்குச் சொல்லாத.”

அதனால்தான் இரண்டாவது பாராட்டான சுற்றுச்சூழலைப் பொதுவான ஒழுக்கமாகச் சொல்ல எனக்கு நா எழுவதில்லை. துணிக் குப்பை உண்மையான பிரச்சினை. உலகம் கழித்துப்போடும் கம்பளித் துணிகள் ஹரியானாவின் பானிபட்டில் கிழிக்கப்பட்டு மறுபடி நூலாகின்றன. நம் தெருவில் பழைய சேலைக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் பெண்கள் தலைச்சுமையாக அந்த வேலையைத்தான் செய்கிறார்கள். ஆனால் அளவுக்கு மேல் துணி உற்பத்தியாவது வீட்டுத் தையல் மிஷின்களில் இல்லை. அது டார்கெட் வைக்கும் இடத்தில் உற்பத்தியாகிறது.

துணியே மாறிவிட்டது என்பதும் இருக்கிறது. பருத்திச் சேலைக்கு ஒரு நீண்ட ஆயுள் இருந்தது: சேலை, பிறகு பிள்ளைத் தூளி, பிறகு பாவாடை, பிறகு மாதவிலக்குத் துணி, கடைசியில் கரித்துணி. பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, சூட்டில் உருகும். மாதவிலக்குக்கும் ஆகாது, அடுப்படிக்கும் ஆகாது. எவ்வளவு கெட்டிக்காரத் தையல்காரியாலும் அதைக் கடைசிவரை கொண்டுபோக முடியாது. அந்தப் பொறுப்பைத் துணி செய்பவர்களிடம் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை மிஷின் முன் உட்காரும் பெண்ணிடம் கேட்பது சரியில்லை. ஆண்களின் பழைய சட்டைகளைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு எங்கள் பக்கம் நூறு நாள் வேலைக்கும் கடலைக்காட்டுக்கும் போகும் பெண்களை யாரும் பூமியைக் காப்பவர்கள் என்று அழைத்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கலை. வங்காளத்தின் காந்தா பழைய சேலைகளை அடுக்கித் தைப்பது; கரையிலிருந்து உருவிய நூலே அதற்குத் தையல்நூல். கர்நாடகத்தின் கௌதியும் பழந்துணிப் போர்வைதான். காந்தாக்கள் இன்று ஃபிலடெல்பியா கலை அருங்காட்சியகம்வரை போயிருக்கின்றன. பெண்களின் ஊசிவேலையைக் கலை என்று பார்க்க வைத்ததில் பெண்ணியத் திறனாய்வுக்குப் பங்கு உண்டு. ஊசிவேலை பெண்ணை அடக்கவும் பயன்பட்டது, அதே ஊசியால் அவள் எதிர்க்கவும் செய்தாள் என்று 1984-ல் ரோஸிகா பார்க்கர் எழுதிய நூல் அதில் முக்கியமானது. ஆனால் சுவரில் மாட்டுவதோடு மதிப்பு முடிந்துவிடுமா? ஆலிஸ் வாக்கர் 1973-ல் எழுதிய ஒரு சிறுகதையில், பாட்டியின் உடைகளை ஒட்டித் தைத்த போர்வைகளைப் படித்த மூத்த மகள் சுவரில் மாட்டக் கேட்கிறாள். தாய் அவற்றை இளையவளுக்குக் கொடுக்கிறாள். இளையவள் அவற்றைப் போர்த்திக் கிழித்துவிடலாம். ஆனால் அவளுக்கு அதுபோல் இன்னொன்று தைக்கத் தெரியும். கல்லூரி வகுப்பில் இந்தக் கதையைப் படித்தபோது மூத்தவள்மேல் எல்லோருக்கும் கோபம் வந்தது. எனக்கு என்னைப் பற்றிப் பயம் வந்தது. அம்மாவின் வேலையைப் பற்றி எழுதத் தெரிந்த நான், ஒரு கலிப் பாவாடை வெட்டத் தெரியாதவள்.

மறுதையலைக் கொண்டாடும் எதைப் பார்த்தாலும் இப்போது மூன்று கேள்வி கேட்கிறேன். இதில் போன நேரம் யாருடையது? வெட்டலாம் என்று முடிவுசெய்தது யார்? இந்தத் துணி எந்த வழியாக இந்தக் கைக்கு வந்தது? விடை கிடைத்தால் பாராட்டலாம். கிடைக்காவிட்டால் அந்தப் பாராட்டு பெண்ணை இன்னும் கொஞ்ச நேரம் கூலியில்லாமல் உட்காரவைக்கும் தந்திரம்.

அரக்குப் பட்டுக்கு வருகிறேன். அது அம்மாவின் கல்யாணச் சேலை. அப்பாவின் சட்டைகளை வெட்டியவள் அதை மட்டும் முப்பது வருடத்துக்கு மேல் மடித்தே வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தபோது மூன்று மடிப்பில் இற்றுப்போயிருந்தது. வெட்டாமல் வைத்ததாலும் அது முழுசாக மிஞ்சவில்லை.

அம்மா சாக்கட்டியால் கோடு போட்டாள். கத்தரியைப் பேத்தியிடம் நீட்டினாள்.

“நான் வெட்டினா கோணலாப் போயிடும் ஆயா.”

“போகட்டும். உன் சுடிதார். பாக்கெட் ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?”

“ரெண்டு பக்கமும்.”

அந்த ஒன்றரை மணி நேரத்தில் பாதி, கோணலை நேராக்கப் போனது. நோட்டில் நான் நேரத்தை மட்டும் எழுதியிருந்தேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பெயரையும் எழுதச் சொன்னாள். எழுதினேன். முதல் வரியில், ஃபால்ஸ் பிரித்த 45 நிமிடத்துக்கு நேராக, அண்ணன் மகனின் பெயர் இருக்கிறது. பிளேடைக் கையில் கொடுத்து, கிழித்தால் தெரியும் என்று சொல்லி அம்மா அவனைத்தான் உட்காரவைத்தாள். பிளஸ் ஒன் படிக்கிறான். இரண்டு இடத்தில் கிழித்தான். அந்த இரண்டு இடத்தையும் தவிர்த்து வெட்டியாயிற்று.